முதலில் எல்லையா, சீர்திருத்தமா? அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ‘முதலில்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

வழிப்போக்கன்:

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் பற்றி எந்த விவாதத்தைப் படித்தாலும் கடைசியில் ஒரே முட்டுச்சந்தில் போய் நிற்கிறது. “முதலில் எல்லையை மூடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்” என்பது ஒரு தரப்பு. “எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால்தான் எல்லையே அடங்கும்” என்பது இன்னொரு தரப்பு.

கோஷம் வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லை பத்திரமாகிவிட்டது என்று யார், எதை அளந்து முடிவு செய்வது? “இது முடிந்த பிறகுதான் அது” என்று சட்டமாகவே எழுதிப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருந்தால் எங்கே உடைந்தது? எச்-1பி வேலை விசாவில் வந்து கிரீன் கார்டுக்குக் (நிரந்தர வசிப்புரிமைக்கு) காத்திருப்பவர்களுக்கும் இந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்பதும் எனக்குப் புரியவில்லை.

பழைய_கோப்பு:

“எல்லை முதலில்” என்பவர்கள் எல்லாரையும் வெறுப்புப் பேசுகிறவர்கள் என்று ஒதுக்கிவிட்டால் இந்த விவாதமே பிடிபடாது. அவர்கள் கையில் 1986 இருக்கிறது.

அந்த ஆண்டு நவம்பர் 6-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஒரு பண்டமாற்று. ஒரு தட்டில் பொதுமன்னிப்பு: 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே நாட்டில் இருந்தவர்களுக்கு ஒரு பிரிவு, 1986 மே 1-உடன் முடிந்த ஓராண்டில் 90 நாளாவது வயல் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு பிரிவு. மறு தட்டில், ஆவணமில்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அபராதம். முதல் தட்டு சீக்கிரமே நிறைந்தது. சுமார் 27 லட்சம் பேருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. வயல் வேலைப் பிரிவில் மட்டும் 13 லட்சம் பேர் வரை விண்ணப்பித்தார்கள். பண்ணைக்காரர் அல்லது மேஸ்திரியின் சாட்சிக் கடிதத்தை வைத்தே விண்ணப்பிக்கலாம், அதைப் பொய் என்று காட்டும் பாரம் அரசின் தலையில். மோசடிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே யார் வந்தார்கள் என்று கேட்டால் எப்படி?

மறு தட்டு காலியாகவே கிடந்தது. வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தோடு தொழிலாளி காட்டும் ஆவணம் பார்வைக்கு நிஜம்போலத் தெரிந்தால் முதலாளி ஏற்றுக்கொள்ள வேண்டும். மேற்கொண்டு துருவிக் கேட்டால் அதே சட்டத்தின் பாகுபாடு தடுப்புப் பிரிவு அவர்மேல் பாயும். “தெரிந்தே” என்ற சொல்லை நிரூபிக்கவே முடியவில்லை. விளைவு, போலி அட்டைத் தொழில் செழித்தது. பியூ ஆய்வு மையக் கணக்கில் 1990-இல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமில்லாதோர் 2007-இல் 1.22 கோடி.

ஆக, “காசை முதலில் கொடுத்தோம், சரக்கு வரவே இல்லை” என்ற குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் சரக்கு எது என்று பாருங்கள். 1986-இல் தோற்றது வேலி அல்ல, வேலைவாய்ப்புச் சரிபார்ப்பு. இன்று “எல்லை முதலில்” என்னும் பலர் அதே சட்டத்தைக் காட்டி வேலி கேட்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படும்.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். 2007 செனட் மசோதாவில் எழுதினார்கள்: எல்லைக் காவலர் 20,000 பேர், ஆள் தடுப்பு வேலி 370 மைல், அதோடு வண்டித் தடுப்பு, ரேடார் கோபுரம், காவலில் வைக்கப் படுக்கைகள். இவை முடிந்த பிறகே ஆவணமில்லாதோருக்கான முழு ஏற்பாடும் தற்காலிகத் தொழிலாளர் திட்டமும் தொடங்கும். ஜூன் 28-இல் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகும் தீர்மானம் 46–53 என்று விழுந்தது, மசோதா செத்தது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். 2009-இல் எல்லைக் காவலர் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டியது. 2011 வாக்கில் சுமார் 350 மைல் ஆள் தடுப்பு வேலியும் 300 மைல் வண்டித் தடுப்பும் நின்றன. அதாவது நிபந்தனையின் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது, அதற்குக் கைமாறாகச் சொன்னது வரவில்லை. “அப்புறம் பேசலாம்” என்பதை மறு தரப்பு நம்பாததற்கு இது ஒரு காரணம்.

2013-இல் எஸ்.744 என்ற மசோதா. செனட்டில் 68–32 என நிறைவேறியது. இதில் இரண்டு படி உண்டு. தற்காலிக அந்தஸ்துக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்க, எல்லைத் திட்டத்தை அரசு நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்து வேலையைத் தொடங்கியிருந்தால் போதும். அந்தஸ்து பெற்றவர்கள் கிரீன் கார்டுக்குப் போக மட்டும் 38,405 காவலர்கள், 700 மைல் வேலி, எல்லா முதலாளிகளுக்கும் கட்டாய மின்சரிபார்ப்பு (வேலை செய்ய உரிமை உண்டா என்று கணினிவழி பார்ப்பது), விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் வெளியேற்றப் பதிவு ஆகியவை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது முதல் படியை: காகிதத்தைக் கொடுத்தால் சட்டபூர்வ அந்தஸ்து, வேலிக்குப் பத்து வருடமா? வழக்கு காரணமாக நிபந்தனை தடைபட்டால் பத்தாண்டுக்குப் பின் அது இல்லாமலே மேலே போகலாம் என்ற விதிவிலக்கும் உள்ளே இருந்தது. பிரதிநிதிகள் சபை இதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

யார் எதை அளப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்ற சண்டைக்கு நான் வரவில்லை.

எஸ்.744-இன் முதல் வரைவில் இலக்கு 90% ‘செயல்திறன்’. சூத்திரம் எளிது: பிடிபட்டவர் + திருப்பி ஓட்டப்பட்டவர், இதை மொத்தமாக நுழைய முயன்றவரால் வகுக்க வேண்டும். கீழே இருக்கும் மொத்தத்தில் ‘தப்பிப் போனவர்’ என்று ஓர் எண் ஒளிந்திருக்கிறது. கேமராவில் தெரிந்து பிடிக்க முடியாமல் போனவர், மணலில் காலடித்தடம் மட்டும் விட்டுப் போனவர் எல்லாம் அதில் வருவார்கள். ஒரு பகுதியில் பத்துக் கேமரா புதிதாக வைத்தால் முன்பு கண்ணில் படாத தப்பியவர்கள் இப்போது படுவார்கள், செயல்திறன் சதவீதம் *குறையும்*. கேமராவைக் கழற்றினால் ஏறும். இந்த அளவுகோலை நிபந்தனையாக வைத்தால், நன்றாகக் கண்காணிக்கும் பகுதி தண்டனை வாங்கும், குருடாக இருக்கும் பகுதி பரிசு வாங்கும்.

பிடிபட்டவர் எண்ணிக்கையை வைப்போமே என்றால், அது தலைகளின் எண்ணிக்கை அல்ல, சம்பவங்களின் எண்ணிக்கை. 2020 மார்ச் முதல் 2023 மே 11 வரை இருந்த ‘டைட்டில் 42’ சுகாதார உத்தரவில் பிடித்தவரை வழக்கு எதுவும் போடாமல் அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுநாளே திரும்பி வந்தார். ஒரே நிதியாண்டில் மறுபடி பிடிபட்டோர் விகிதம் 2019-இல் 7%, 2021-இல் 27%. அந்த வருடங்களின் எண்ணிக்கையைப் பழைய வருடங்களோடு நேராக ஒப்பிடுவது தப்பு.

மூன்றாவது, எல்லையில் அளக்கவே முடியாத பகுதி. விசாவில் முறையாக வந்து தேதி முடிந்தும் தங்கிவிட்டவர்கள் ஆவணமில்லாதோரில் 45% வரை இருக்கலாம் என்று பியூ 2006-இலேயே மதிப்பிட்டது. 2019 நிதியாண்டில் இப்படித் தங்கியதாக அரசே பதிந்த எண் 6,76,422. சுவரை நிலா வரை உயர்த்தினாலும் இந்த எண் அசையாது. நுழைவு–வெளியேற்றப் பதிவு வேண்டும் என்று 1996 சட்டமே கட்டளையிட்டது. விமான நிலையத்தில் ஓரளவு நடக்கிறது. தரைவழியில்தான் சிக்கல்: காரில் மெக்சிகோவுக்குப் போகும்போது அமெரிக்க அதிகாரி யாரும் வழக்கமாக நிறுத்திப் பதிவதில்லை, அதற்கான சாவடியும் பாதையும் கட்டவே இல்லை. கனடா பக்கம் மட்டும் ஒரு குறுக்குவழி கண்டார்கள். கனடாவில் நுழைந்த பதிவையே அமெரிக்காவை விட்டு வெளியேறிய பதிவாக வைத்துக்கொள்கிறார்கள்.

எல்லைக்கோடு:

கணக்குப்பிள்ளை சொன்ன அளவுகோல் குறைகளை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து “எனவே வரிசை தேவையில்லை” என்று முடிவுகட்டினால் ஏற்க மாட்டேன். எல்லை முதலில் என்பதுதான் சரி. எல்லை என்றால் வேலி என்று நினைப்பதுதான் பிழை.

டெக்சாஸில் ரியோ கிராண்டே ஆற்றின் நடுக்கோடுதான் நாட்டின் எல்லை. வெள்ளப்பெருக்கை மெக்சிகோ பக்கம் தள்ளிவிடும்படி ஆற்றுப்படுகையில் எதையும் கட்டக் கூடாது என்று 1970 ஒப்பந்தம் சொல்கிறது. அதனால் சுவர் பல இடங்களில் கரையிலிருந்து கணிசமான தூரம் உள்ளே தள்ளித்தான் நிற்கிறது. ஆற்றைக் கடந்து கரையில் கால் வைத்தவர் சுவரைத் தொடும் முன்பே அமெரிக்க மண்ணில் இருக்கிறார். அவர் ஓடவில்லை. காவலர் வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்கிறார். “திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது” என்று ஒரு வார்த்தை சொன்னால் 1996 சட்டப்படி விரைவு வெளியேற்றம் (நீதிபதி முன் போகாமலே திருப்பி அனுப்புவது) நின்று, தஞ்ச அதிகாரியின் நேர்காணல் வேண்டும். அந்த முதல் வடிகட்டியில் கேட்பது, வழக்கு வெல்லக் கணிசமான வாய்ப்பு உண்டா என்பது மட்டும். பலர் தேறிவந்தார்கள். தேறினால் குடியேற்ற நீதிமன்றத்துக்கு அழைப்பாணை. 2024 முடிவில் அங்கே நிலுவை 37 லட்சம் வழக்கு, நீதிபதிகள் சுமார் 700. ஒருவர் தலைக்கு ஐயாயிரத்துக்கு மேல். தஞ்ச மனு கொடுத்து 180 நாள் ஆனால் வேலை அனுமதி கிடைத்துவிடும், தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். பொய் வழக்குக்காரருக்கு அந்தத் தாமதமே பரிசு. நிஜமாக உயிருக்குப் பயந்து வந்தவருக்கு அதே தாமதம் தண்டனை.

இந்த ஓட்டை இருக்கும்போது பெரிய பொதுமன்னிப்பை அறிவித்தால், வெளியே இருப்பவர்களுக்குப் போகும் செய்தி என்ன? “எப்படியாவது உள்ளே போய்விடு, அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்” என்பதுதானே. தகுதித் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால் போதும் என்பார்கள். 1986-லும் தேதி இருந்தது. தேதியை நிரூபிக்கும் காகிதத்தைத்தான் விலைக்கு வாங்கினார்கள்.

ஆகவே என் வரிசை இது: தஞ்ச அதிகாரிகளும் நீதிபதிகளும் பெருகி, புதிதாக வருபவரின் வழக்கு ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும், தோற்றவர் திரும்ப வேண்டும். 2024 பிப்ரவரியில் செனட்டர்கள் லாங்க்ஃபோர்ட், மர்ஃபி, சினெமா மூவரும் கொண்டுவந்த மசோதா ஏறக்குறைய இதைத்தான் செய்தது. 4,300-க்கும் மேல் புதிய தஞ்ச அதிகாரிகள், முதல் வடிகட்டியில் கடினமான தரம், வருவோரின் ஏழு நாள் சராசரி 5,000-ஐத் தாண்டினால் அதிகாரபூர்வ நுழைவாயில்களுக்கு இடையே வருபவர்களுக்குக் கட்டாய மூடல். செனட்டில் 49–50 என்று தோற்றது.

பழைய_கோப்பு:

எல்லைக்கோடு, நீதிமன்றம் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எல்லையை இறுக்குவது மட்டும் தனியாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

1994-இல் சான் டியேகோவில் ‘கேட்கீப்பர்’ நடவடிக்கை, அதற்கு முந்தைய ஆண்டு எல் பாசோவில் இன்னொன்று. நகரப் பகுதிகளை அடைத்தார்கள், கூட்டம் அரிசோனா பாலைவனத்துக்குத் திரும்பியது. 2000-இல் அங்குள்ள டூசான் பிரிவில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் பிடிபட்டார்கள். பாதை கடினமானதும் ஆள்கடத்துபவனின் கூலி ஏறியது. அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவன் “இன்னொரு தடவை இந்தக் கூலியும் இந்த வெயிலும் முடியாது” என்று இங்கேயே தங்கி, குடும்பத்தையும் வரவழைத்தான். உள்ளே வருவதைத் தடுக்கப் போட்ட பூட்டு வெளியே போவதையும் தடுத்துவிட்டது.

1996-இல் அதன்மேல் இன்னொரு பூட்டு. ஓராண்டுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் பத்தாண்டு உள்ளே வரத் தடை. எல்லை தாண்டி வந்தவர் அமெரிக்கக் குடிமகளை மணந்தாலும் பொதுவாக உள்நாட்டிலேயே கிரீன் கார்டு வாங்க முடியாது. சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும், போன கணமே தடை விழும். விசாவில் வந்து தங்கிவிட்டவர் அதே திருமணத்தில் இங்கிருந்தபடியே வாங்கிவிடலாம். தடைக்கு முன்கூட்டியே விலக்கு கேட்கும் வழி 2013-இல்தான் வந்தது, அதிலும் துணைவருக்கு அல்லது பெற்றோருக்கு மிகக் கடுமையான கஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். கடுமை காட்டப் போட்ட விதி ஆட்களை உள்ளேயே சிறைவைத்தது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று. மெக்சிகோவுடன் 1942 முதல் 1964 வரை ‘பிரசேரோ’ ஒப்பந்தத் தொழிலாளர் திட்டம் இருந்தது. 1954-இல் பத்து லட்சத்துக்கும் மேல் பிடிபட்ட எல்லையில், 1956-இல் ஒரு லட்சத்துக்கும் கீழே. அந்த 1954-இல் பெரும் வெளியேற்ற வேட்டையும் நடந்தது, ஒப்பந்த எண்ணிக்கையையும் 1956-க்குள் நான்கு லட்சத்துக்கு மேல் உயர்த்தினார்கள். ஒரு தரப்பு வேட்டையை மட்டும் சொல்லும், மறு தரப்பு விசாவை மட்டும் சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. 1964-இல் திட்டத்தை மூடியதும் பிடிபடுவோர் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது.

கட்டாய மின்சரிபார்ப்புக்கும் இதே கதிதான். இ-வெரிஃபை என்ற அரசின் சரிபார்ப்பு முறை, பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் மூன்றையும் அரசுப் பதிவோடு ஒப்பிடும். இல்லாத எண்ணைப் பிடித்துவிடும். வேறொருவரின் *நிஜமான* பெயரும் எண்ணும் கொடுத்தால் “சரி” என்றே சொல்லும். அரிசோனா 2008-லேயே கட்டாயமாக்கியது, ஒரு பகுதி வேலை ரொக்கக் கூலிக்கும் ‘சொந்தத் தொழில்’ என்ற பெயருக்கும் நகர்ந்தது. பயிர்ப் பண்ணைத் தொழிலாளரில் ஏறக்குறைய 40% ஆவணமில்லாதவர்கள். பருவ வேலைக்கான எச்-2ஏ விசாவுக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் அது பருவ வேலைக்கு மட்டும். பால் மாட்டுப் பண்ணை அதில் சேராது. பசுவுக்குப் பருவம் கிடையாது, 365 நாளும் கறக்க வேண்டும். விசாவைத் திருத்தாமல் சரிபார்ப்பை மட்டும் நாடு முழுக்கக் கட்டாயமாக்கினால், முதலில் கத்தப்போவது அதற்கு வாக்களித்த மாவட்டங்களின் பண்ணைக்காரர்கள்தான்.

வழிப்போக்கன்:

நன்றி, நிறையத் தெளிந்தது. ஒரு கேள்வி பாக்கி. 2025 நிதியாண்டில் தெற்கு எல்லையில் பிடிபட்டோர் 2.4 லட்சத்துக்கும் கீழே, 1970-க்குப் பிறகு மிகக் குறைவு என்கிறார்கள். அப்படியானால் ‘முதலில்’ முடிந்துவிட்டதே, அடுத்தது ஏன் ஆரம்பிக்கவில்லை?

எல்லைக்கோடு:

குறைந்தது உண்மை. ஆனால் பெரும்பாலும் அதிபரின் பிரகடனத்தாலும் நிர்வாக உத்தரவாலும் குறைந்தது. அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம், நீதிமன்றமும் நிறுத்தலாம். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் சுமார் 2.5 லட்சம் பேர் நுழைவாயில்களுக்கு இடையே பிடிபட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். தஞ்சச் சட்டத்தின் வாசகம் மாறாதவரை ‘முடிந்தது’ என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய_கோப்பு:

அதற்குத்தான் “யார் முடிவு செய்வது” என்ற கேள்வி. 2025 ஜூலை 4 சட்டத்தில் சுவருக்கு 4,650 கோடி டாலர், காவல் மையங்களுக்கு 4,500 கோடி டாலர். அதே சட்டம் குடியேற்ற நீதிபதிகளின் எண்ணிக்கைக்கு 2028 நவம்பர் முதல் 800 என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. எல்லைக்கோடு கேட்ட ஆறு மாதத் தீர்ப்பு 800 நீதிபதிகளை வைத்து எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்கோடு:

அந்த உச்சவரம்பு எனக்கும் உடன்பாடில்லை.

மூன்றாம்_வரிசை:

கிரீன் கார்டு வரிசைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி ஒன்றுமில்லை. வேலைவழிக் கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000, எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7% வரைதான். இரண்டும் 1990 சட்டத்தில் வந்தவை, ஆற்றங்கரையில் நடப்பதற்கும் இவற்றுக்கும் தொடர்பே கிடையாது. அரசியலில்தான் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். ஒரு தரப்பு, “எல்லை முடியாமல் எந்தக் குடியேற்ற மசோதாவும் வேண்டாம்” என்று தடுக்கும். மறு தரப்பு, “எல்லோருக்கும் பிடித்த பகுதியைத் தனியாக விட்டுவிட்டால் மீதிக்கு வாக்கு கிடைக்காது” என்று தடுக்கும்.

தனியாகப் போன முயற்சியும் உண்டு. நாட்டு உச்சவரம்பை நீக்கும் எச்.ஆர்.1044, 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365–65 என்று நிறைவேறியது. செனட் 2020 டிசம்பர் 2-இல் வேறு வாசகத்தோடு ஒருமனதாக நிறைவேற்றியது. இரண்டு வாசகத்தையும் ஒன்றாக்க ஒரு மாதமே இருந்தது. அதற்குள் அவையின் காலம் முடிந்து இரண்டும் காலாவதி. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பது இதற்குத்தான் பொருந்தும்.

எல்லைக்கோடு சொன்ன 2024 மசோதாவில் எச்-1பி குடும்பங்களுக்கு நேரடியாக இரண்டு விஷயம் இருந்ததைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீண்டகாலம் இங்கேயே சட்டப்படி வளர்ந்த பிள்ளைகள் 21 வயதானதும் பெற்றோர் வரிசையிலிருந்து உதிர்வதைத் தடுக்கும் பிரிவு ஒன்று. ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 50,000 கூடுதல் விசா இன்னொன்று, அதில் 18,000 வேலைவழி. ‘எல்லை மசோதா’ என்ற பெயரைப் பார்த்தே நம்மவர்களில் பலர் படிக்காமல் விட்டார்கள்.

2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் சலசாரும் எஸ்கோபாரும் கொண்டுவந்த ‘டிக்னிட்டி’ மசோதாவையும் பாருங்கள். நாட்டு உச்சவரம்பு 7%-லிருந்து 15% ஆகும், இ-வெரிஃபை கட்டாயம், ஆவணமில்லாதவர் 7,000 டாலர் கட்டி ஏழாண்டு அந்தஸ்து பெறலாம். வரிசைச் சண்டைக்கு அவர்கள் தரும் விடை, எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவது.

கணக்குப்பிள்ளை:

மூன்றாம்_வரிசைக்கு ஒரு சிறு சேர்க்கை. அந்த 1,40,000-இல் துணைவரும் பிள்ளைகளும் அடக்கம். 7% என்றால் ஒரு நாட்டுக்கு 9,800. நான்கு பேர் குடும்பமாக இருந்தால் அது 2,450 தொழிலாளர்தான். உச்சவரம்பை 15% ஆக்கினாலும் மொத்தம் 1,40,000 என்பது அப்படியே நின்றால், ஒரு நாட்டின் வரிசை குறையும் அளவுக்கு இன்னொன்று நீளும். டிக்னிட்டி வாசகத்தைப் படிப்பவர்கள் துணைவரையும் பிள்ளைகளையும் எண்ணிக்கையிலிருந்து விலக்கும் பிரிவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.